449 ரூபாய்க்கு வந்த வில்லியம் ஜேம்ஸ்

புத்தகம் கைக்கு வந்த இரண்டாம் நாளே 61ஆம் பக்கத் தாள் கழன்று மடியில் விழுந்தது. மூன்றாம் நாள் அதற்கு அடுத்த தாள். யாருக்குமே இது எரிச்சல்தான், எனக்குக் கொஞ்சம் கூடுதல். நான் பைண்டிங் போட்டுப் பிழைக்கிறவன். பாளையங்கோட்டையில் ஒரு பி.எட். கல்லூரிக்கு எதிர் வரிசையில் 19 வருஷமாக ஜெராக்ஸ், ஸ்பைரல், பைண்டிங் கடை வைத்திருக்கிறேன். கம் போட்ட முதுகு எத்தனை நாள் தாங்கும் என்று தொட்டுப் பார்த்தே சொல்லிவிடுவேன். இதைத் தொட்டதுமே தெரிந்துவிட்டது. ஆனாலும் ஒரு வாரமாவது தாங்கும் என்று நினைத்தேன்.

வாங்கியது வில்லியம் ஜேம்ஸின் 'டாக்ஸ் டு டீச்சர்ஸ் ஆன் சைக்காலஜி'. ஆசிரியர்களுக்கு உளவியல் பற்றி அவர் பேசிய பேச்சுகள், 1899இல் புத்தகமாக வந்தவை. இணையத்தில் 449 ரூபாய், அனுப்பும் செலவு தனி. பதிப்பகத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. பழைய புத்தகத்தை ஸ்கேன் செய்து, ஆர்டர் வந்தால் மட்டும் ஒரு பிரதி அடித்து அனுப்பும் ஆட்கள் நிறைய இருக்கிறார்கள், அவர்களில் ஒருவர். வெறுத்துப்போய் அதே புத்தகத்தை நானே அச்சடித்துக் கட்டினேன். ஆகவே இது இரண்டு பிரதிகளுக்கும் சேர்த்து எழுதுகிற மதிப்புரை.

ஜெராக்ஸ்காரனுக்கு இந்தப் புத்தகம் எதற்கு என்று வீட்டிலேயே கேட்டார்கள். காரணம் ஒரு பூனை.

என் கடையில் அதிகம் ஓடுகிற சரக்கு பி.எட். நோட்ஸ். அதில் தார்ன்டைக் என்பவருக்கு இரண்டு பக்கம் உண்டு: முயன்று தவறிக் கற்றல், பிறகு ஆயத்த விதி, பயிற்சி விதி, விளைவு விதி. கூடவே ஒரு படம், கூண்டுக்குள் பூனை. நான் கடை திறந்த வருஷம் அந்தப் பூனைக்கு மீசை தெரிந்தது. நகலுக்கு நகல், அதற்கும் நகல் என்று எடுத்து எடுத்து இப்போது கூண்டுக்குள் ஒரு கறுப்புத் திட்டுதான் இருக்கிறது. பெருச்சாளி என்றாலும் நம்பலாம். பிள்ளைகள் அதை அப்படியே பார்த்து வரைந்து மார்க்கும் வாங்குகிறார்கள். அந்தப் பக்கத்துக்கு மூன்று பக்கம் முன்னால் ஒரு வரி: 'பயனளவைக் கொள்கையின் முன்னோடிகள்: பியர்ஸ், ஜேம்ஸ், டூயி.' டூயிக்கு அரைப் பக்கம் இருக்கிறது. மற்ற இருவருக்கும் அந்த வரியோடு சரி. யார் இந்த ஜேம்ஸ் என்று ஒரு பிள்ளையிடம் கேட்டேன். "அவரு ரெண்டு மார்க்குக்குத்தான் வருவாரு, அண்ணாச்சி" என்றாள்.

ஆயிரக்கணக்கில் ஒரு பெயரை நகலெடுத்துவிட்டு ஆள் யாரென்று தெரியாமல் இருப்பது எனக்கு உறுத்தியது. அதனால்தான் ஆர்டர் போட்டேன்.

முதலில் வாங்கிய பிரதியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அட்டையில் ஏரியும் பனி மலையும். உளவியலுக்கும் மலைக்கும் என்ன சம்பந்தமோ. தாள் மெலிசு, பின்பக்க எழுத்து முன்பக்கம் தெரிகிறது. உள் ஓரம் அரை அங்குலம்கூட இல்லை. வரியின் கடைசிச் சொல்லைப் படிக்க முதுகை விரிக்க வேண்டும், விரித்தால் உடைகிறது. 61ஆம் பக்கம் போனது அப்படித்தான். பழைய பிரதியில் பக்கத்தின் தலையில் இருந்த அத்தியாயப் பெயர் இங்கே வாக்கியத்தின் நடுவில் வந்து உட்கார்ந்திருக்கிறது. அடிக்குறிப்புகள் அடியில் இல்லை, ஊர்வலமாக உள்ளே வருகின்றன.

எழுத்துப் பிழைதான் உச்சம். ஸ்கேன் செய்த பக்கத்தை மெஷின் படித்து எழுத்தாக மாற்றும்போது, ஆங்கிலத்தில் 'ஆர்' எழுத்தும் 'என்' எழுத்தும் ஒட்டி நின்றால் 'எம்' என்று எடுத்துக்கொள்ளும். 'லேர்ன்' என்ற சொல் அப்படி 'லீம்' ஆகிவிடும். இந்தப் பிரதியில் பல இடங்களில் ஆகியிருக்கிறது. கற்றலைப் பற்றிய புத்தகத்தில் கற்றல் என்ற சொல்லே பிழை! கடைசிப் பேச்சு முடியும் முன்பே புத்தகம் முடிந்துவிடுகிறது, நான்கைந்து பக்கங்கள் இல்லை. எழுதிக் கேட்டேன். 'தங்கள் கருத்துக்கு நன்றி' என்று பதில் வந்தது. திருப்பி அனுப்பும் கெடு அதற்குள் முடிந்திருந்தது.

கடைசியில் கூட்டன்பர்க் தளத்துக்குப் போனேன். 1971இல் மைக்கேல் ஹார்ட் என்பவர் அமெரிக்காவில் தொடங்கிய திட்டம். காப்புரிமை முடிந்த புத்தகங்களைத் தன்னார்வலர்கள் பிழை பார்த்து இலவசமாக வைக்கிறார்கள். ஜேம்ஸ் இறந்தது 1910இல், யாரும் எடுத்து அச்சடிக்கலாம். கோப்பை இறக்கி, கொஞ்சம் பெரிய எழுத்து வைத்து, முதுகுப் பக்கம் ஒரு அங்குலம் விட்டு, 75 ஜி.எஸ்.எம். தாளில் இரண்டு பக்கமும் அடித்தேன். 96 தாள். ஸ்பைரலோடு சேர்த்து எனக்கு அடக்கம் 140 ரூபாய். வெளியாளுக்கு என்றால் 230 வாங்குவேன். மேசையில் வைத்தால் மூடிக்கொள்ளாமல் தட்டையாகக் கிடக்கும், சாப்பிட்டுக்கொண்டே படிக்கலாம். 'லேர்ன்' எல்லா இடத்திலும் 'லேர்ன்' ஆகவே இருக்கிறது.

இனி உள்ளே.

ஜேம்ஸ் 1842இல் நியூயார்க்கில் பிறந்தவர். ஹார்வர்டில் மருத்துவம் படித்துவிட்டு வைத்தியம் பார்க்கவில்லை. அங்கேயே உடலியல் சொல்லிக்கொடுத்தார், அப்புறம் உளவியல், அப்புறம் தத்துவம். 1878இல் ஹென்றி ஹோல்ட் என்ற பதிப்பாளருக்கு ஓர் உளவியல் பாடப்புத்தகம் தருவதாக ஒப்புக்கொண்டார். புத்தகம் வந்தது 1890இல். பன்னிரண்டு வருஷம்! எங்கள் தெருவில் பிஎச்.டி. பிள்ளைகள் ஆறு வருஷம் இழுத்தாலே வீட்டில் பேச்சு விழும். இரண்டு தொகுதி, ஏறக்குறைய 1,400 பக்கம். முடிக்கும்போது பதிப்பாளருக்கு எழுதிய கடிதத்தில் அவரே அதை நீர்கோத்து வீங்கிப்போன அருவருப்பான பிண்டம் என்கிறார். அது நிரூபிப்பது இரண்டே விஷயமாம்: உளவியல் என்ற விஞ்ஞானமே கிடையாது, டபிள்யூ. ஜே. என்பவருக்குத் திறமை கிடையாது. 1892இல் சுருக்கப் பதிப்பு வந்தது. மாணவர்கள் பெரியதை 'ஜேம்ஸ்' என்றும் சின்னதை 'ஜிம்மி' என்றும் கூப்பிட்டார்களாம்.

அதே 1892இல்தான் ஹார்வர்ட் நிர்வாகம் அவரை மாசசூசெட்ஸ் கேம்பிரிட்ஜ் ஊர்ப் பள்ளி ஆசிரியர்களுக்கு உளவியல் பேசச் சொன்னது. அந்தப் பேச்சுகளை வேறு ஊர்களிலும் பேசிப் பேசித் திருத்தி, 1899இல் புத்தகமாக்கினார். ஆசிரியர்களுக்கு 15 அத்தியாயம், பின்னால் மாணவர்களுக்கு மூன்று உரை. கேட்க வந்தவர்களுக்கு நுணுக்கமான ஆராய்ச்சிப் பேச்சு கொஞ்சமும் ருசிக்கவில்லை, வகுப்பில் உதவுகிற விஷயம்தான் வேண்டியிருந்தது, அதனால் முன்னதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் களைந்துவிட்டேன் என்று முன்னுரையிலேயே சொல்கிறார். வாடிக்கையாளர் முகத்தைப் பார்த்துச் சரக்கை மாற்றிய மனிதர். அந்த இடத்திலேயே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

முதல் அத்தியாயத்தில் ஆசிரியர்களின் தலையிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைக்கிறார். உளவியல் ஒரு விஞ்ஞானம், கற்பித்தல் ஒரு கலை, விஞ்ஞானம் தானாகக் கலையைப் பெற்றெடுக்காது என்கிறார். உளவியல் விதியைப் பிடித்துக்கொண்டு நேராக வகுப்புக்குள் போய் வேலை வாங்க முடியாது. நடுவில் அந்த ஆசிரியரின் சமயோசிதம் வேண்டும். குழந்தைகளை ஆராய்ந்து குறிப்பெடுத்துத் தந்தால்தான் நல்ல ஆசிரியர் என்ற பேச்சு அப்போது அங்கே பலமாக இருந்தது. அதெல்லாம் உங்கள் கடமை இல்லை, விருப்பமிருந்தால் செய்யுங்கள் என்றுவிடுகிறார். பதிவேடு நிரப்பியே பாதி நாளைக் கழிக்கிற ஆசிரியர்கள் என் கடைக்கும் வருகிறார்கள், அவர்களுக்கு இந்தப் பக்கத்தைப் படித்துக் காட்ட வேண்டும்.

பல அத்தியாயம் தள்ளி ஒரு கதை வருகிறது. இந்த ஒரு கதைக்காகவே 449 ரூபாய் போனால் போகட்டும் என்று தோன்றியது. ஜேம்ஸுக்குத் தெரிந்த ஓர் அம்மாள் ஒரு பள்ளிக்கூடத்தைப் பார்க்கப் போகிறார். பூகோள வகுப்பு. பிள்ளைகளைக் கேள்வி கேட்கச் சொல்கிறார்கள். புத்தகத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கேட்கிறார்: "தரையில் பல நூறு அடி ஆழத்துக்கு ஒரு குழி தோண்டினால், அடியில் எப்படி இருக்கும்? மேலே இருப்பதைவிடச் சூடாகவா, குளிராகவா?" வகுப்பில் ஒரு சத்தமும் இல்லை. டீச்சர் குறுக்கே வந்து, "பிள்ளைகளுக்குத் தெரியும், நீங்கள் கேட்ட விதம்தான் சரியில்லை. நான் கேட்கிறேன்" என்று புத்தகத்தை வாங்கி, "பூமிக்கோளத்தின் உட்பகுதி எந்நிலையில் உள்ளது?" என்கிறார். பாதி வகுப்பு ஒரே குரலில்: "பூமிக்கோளத்தின் உட்பகுதி தீயுருகு நிலையில் உள்ளது!"

கல்லாவில் உட்கார்ந்து இதைப் படித்தபோது சிரித்தேன். பிறகு மெஷினில் ஓடிக்கொண்டிருந்த நோட்ஸைப் பார்த்தேன். 'செய்து கற்றலே சிறந்த கற்றல் என்றார் ஜான் டூயி. (5 மதிப்பெண்)' என்று இருந்தது. நாற்பது பிரதி கேட்டிருந்தார்கள். அடித்துக் கொடுத்தேன், தொழில் அது.

மனப்பாடத்தை ஜேம்ஸ் ஒரேயடியாகத் திட்டுகிறார் என்று நினைக்க வேண்டாம். பழைய முறையின் மேல் இருந்த வெறுப்பில், நெட்டுருப் போடுவதை இப்போது கொஞ்சம் அதிகமாகவே இளப்பம் செய்கிறார்கள் என்றுகூடச் சொல்கிறார். அவர் வேண்டாம் என்பது பரீட்சைக்கு முந்தின ராத்திரி திணிப்பதை. அப்படி உள்ளே போன விஷயத்துக்கு வேறு எதோடும் கொக்கி விழுவதில்லை, வெகு சீக்கிரம் கழன்றுவிடும் என்கிறார். என் 61ஆம் பக்கம் மாதிரி. ஒரு விஷயத்தைப் பல விஷயங்களோடு பல நாளில் பல தடவை கோத்துவைப்பதுதான் நல்ல ஞாபகத்தின் ரகசியம். கம் பைண்டிங்குக்கும் தையல் பைண்டிங்குக்கும் உள்ள வித்தியாசம் இதுதான் என்று பென்சிலில் ஓரத்தில் எழுதி வைத்தேன்.

இந்த விஷயத்தில் அவர் தன்னையே சோதித்துப் பார்த்த கணக்கு பெரிய புத்தகத்தில் இருக்கிறது. விக்டர் ஹ்யூகோவின் ஒரு கவிதையில் 158 வரி நெட்டுருப் போடுகிறார். எல்லா நாளும் சேர்த்து ஏறக்குறைய 132 நிமிஷம். பிறகு மில்டனின் காவியத்தில் முதல் காண்டம் முழுவதையும் தினமும் இருபது நிமிஷம்போல் 38 நாள் மனப்பாடம் செய்கிறார், ஞாபகசக்திக்குத் தண்டால் எடுக்கிற மாதிரி. மறுபடியும் ஹ்யூகோவுக்கு வந்து புதிதாக 158 வரி. இந்தத் தடவை 151 நிமிஷத்துக்கும் மேல். பயிற்சிக்குப் பிறகு இருபது நிமிஷம் கூடிவிட்டது! அப்போது களைத்துப்போயிருந்தேன் என்று அவரே ஒத்துக்கொள்கிறார். ஒரு மனிதரை வைத்துச் செய்த சோதனை பெரிய சாட்சி இல்லைதான். ஆனால் சொன்னதைச் செய்து பார்க்கிற அந்தக் குணம், நோட்ஸில் ஒரு வரியாக வருகிற கொள்கையை எனக்கு வேறு மாதிரி புரியவைத்தது.

அந்தப் பயனளவைக் கொள்கை உண்மையில் பியர்ஸிடமிருந்து வந்தது. சார்லஸ் பியர்ஸ், ஜேம்ஸின் நண்பர், 1870களில் கேம்பிரிட்ஜில் கூடிப் பேசிய ஒரு சின்னக் கூட்டத்தில் இருவரும் உண்டு. பியர்ஸ் 1878இல் ஒரு பத்திரிகைக் கட்டுரையில் கேட்டார்: ஒரு பொருளைக் 'கடினம்' என்கிறோமே, அதற்கு என்ன அர்த்தம்? பல பொருள்களால் அதைக் கீற முடியாது என்பதுதான். அதற்கு மேல் 'கடினம்' என்று தனியாக ஒன்று உள்ளே ஒளிந்திருக்கவில்லை. ஒரு கருத்தினால் நடப்பில் என்னென்ன விளையுமோ அதுவே அந்தக் கருத்தின் பொருள்.

இது எனக்குப் புதிதில்லை. கடைக்கு வருகிறவர்கள் "நல்ல பேப்பர்ல போடுங்க" என்பார்கள். நல்ல என்றால்? மை பின்பக்கம் ஊறக்கூடாது, மெஷினில் சுருளக்கூடாது, இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு போகக்கூடாது, மூன்று வருஷம் கழித்து மஞ்சளாகக்கூடாது. இந்த நான்கையும் எடுத்துவிட்டால் 'நல்ல' என்பதில் மிச்சம் எதுவும் இல்லை.

ஜேம்ஸ் 1898இல் பெர்க்லியில் பேசியபோது பியர்ஸ் பெயரைச் சொல்லியே இந்தக் கொள்கையை மேடையேற்றினார். 1907இல் தனிப் புத்தகமே போட்டார். நம்பிக்கை, மதம், உண்மை எல்லாவற்றுக்கும் அவர் இதை நீட்டிக்கொண்டு போனது பியர்ஸுக்குப் பிடிக்கவில்லை. பிராக்மாட்டிசம் என்ற ஆங்கிலப் பெயரில் இரண்டு எழுத்தைக் கூட்டி, தன்னுடையதற்குப் பிராக்மாட்டிசிசம் என்று பெயரை மாற்றினார், இவ்வளவு அசிங்கமான பெயரை யாரும் கடத்திக்கொண்டு போகமாட்டார்கள் என்று சொல்லி. வேலையிழந்து கஷ்டத்தில் கிடந்த அந்த மனிதருக்குப் பணம் திரட்டிக் கொடுத்தவர் ஜேம்ஸ்தான் என்பதையும் சொல்ல வேண்டும்.

பழக்கம் பற்றிய அத்தியாயத்துக்கு வருகிறேன். புத்தகத்திலேயே பேர்போனது இதுதான். ஒரு தடவை மடித்த தாள் எப்போதும் அதே மடிப்பிலேயே விழும், மூளையும் அப்படித்தான் என்று ஒருவரை மேற்கோள் காட்டுகிறார். ஒரு பைண்டராக எனக்கு இதில் ஆட்சேபம் உண்டு. தாளுக்கு ஒரு நார் ஓட்டம் இருக்கிறது. அதன் போக்கில் மடித்தால் நகத்தால் ஒரு இழு, கத்தி மாதிரி மடியும். குறுக்கே மடித்தால் மடிப்பு உடைந்து பிசிறடிக்கும், கெட்டி அட்டை என்றால் வெடித்தே போகும். தாளைக் கையில் வளைத்துப் பார்த்து ஓட்டம் எந்தப் பக்கம் என்று கண்டுபிடித்த பிறகுதான் மடிக்க உட்காருவோம். என்னிடம் கேட்டிருந்தால் அந்த ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லியிருப்பேன். நியாயமாகச் சொன்னால், முந்தின அத்தியாயத்தில் பிள்ளைகளுக்கு இயல்பிலேயே இருக்கிற ஆவல், போட்டி, பார்த்துச் செய்தல், தனக்கென்று சேர்த்துவைத்தல் எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லி, அவற்றைப் பிடித்துக்கொண்டுதான் புதிய பழக்கத்தை ஏற்ற வேண்டும் என்கிறார். நார் ஓட்டம் என்ற பெயர்தான் இல்லை.

அடுத்தது நூல்கண்டு. புதுப் பழக்கம் வேரூன்றும்வரை ஒரு நாள்கூடத் தவறவிடாதே. ஒரு தவறு என்பது கவனமாகச் சுற்றிக்கொண்டிருக்கிற நூல்கண்டைக் கீழே போடுவது மாதிரி, பல சுற்று சுற்றியதை ஒரே நழுவலில் பிரித்துவிடும் என்கிறார். சரி, செய்தே பார்ப்போம் என்று, ஷட்டரை இறக்கும் முன் அன்றைய கணக்கை எழுதிவிடுவது என்று ஆரம்பித்தேன். பத்தொன்பது வருஷமாக வராத பழக்கம். 23 நாள் ஓடியது. 24ஆம் நாள் அம்பாசமுத்திரத்தில் மச்சினன் வீட்டு விசேஷம், எழுதவில்லை. ஜேம்ஸ் கணக்குப்படி என் கண்டு முழுக்கப் பிரிந்திருக்க வேண்டும். மறுநாள் எழுதினேன். இன்று வரைக்கும் ஓடுகிறது, நடுவில் இன்னும் இரண்டு நாள் விட்டும். தினமும் தையல் நூலோடு புழங்குகிறவன் சொல்கிறேன்: கண்டு கீழே விழுந்தால் உருளும், நாலைந்து முழம் பிரியும், எடுத்துச் சுற்றினால் ஆயிற்று. உண்மையில் கண்டு கெடுவது, விழுந்ததை எடுக்காமல் அப்படியே விட்டு, பூனை வந்து விளையாடினால்தான். ஆனால் அந்த அத்தியாயம் இல்லாவிட்டால் முதல் நாளே எழுதியிருக்கமாட்டேன், அதுவும் உண்மை.

பூனை என்றதும் தார்ன்டைக். நோட்ஸில் இவருக்கும் ஜேம்ஸுக்கும் நடுவில் மூன்று பக்கம் என்றேன். நிஜத்தில் நடுவில் இருந்தது ஒரு மாடிப்படிதான். 1890களில் எட்வர்ட் தார்ன்டைக் ஹார்வர்டில் ஜேம்ஸின் மாணவர். கோழிக்குஞ்சுகளை வைத்துக் கற்றலைச் சோதிக்க ஆசைப்பட்டார். தங்கியிருந்த அறையில் வீட்டுக்காரம்மா விடவில்லை. பல்கலைக்கழகத்திலும் இடம் கிடைக்கவில்லை. ஜேம்ஸ் தன் வீட்டு நிலவறையைத் திறந்துவிட்டார். மேலே ஜேம்ஸின் பிள்ளைகள், கீழே கோழிக்குஞ்சுகள். பூனைக் கூண்டெல்லாம் அதற்கப்புறம் கொலம்பியாவுக்குப் போன பிறகு, 1898இல் ஆய்வேடாக வந்தது. இந்த ஒரு விஷயத்தை நோட்ஸில் சேர்த்தால் பிள்ளைகளுக்கு இரண்டு பெயரும் சேர்ந்து நினைவிருக்கும். ஜேம்ஸ் சொல்கிற கொக்கி.

டூயி இந்தப் புத்தகத்துக்குள் வருகிறவர் இல்லை, ஆனால் ஜேம்ஸைப் படித்த கையோடு அவரையும் தேடிப் படித்தேன். அவர் புத்தகமும் 1899இல் வந்ததுதான், அதுவும் பேச்சுகள்தான். சிகாகோ பல்கலைக்கழகத்தில் 1896 ஜனவரியில் 16 பிள்ளைகளோடு ஒரு பள்ளி தொடங்கினார். அதற்கு மேசை நாற்காலி தேடிக் கடை கடையாக அலைந்த கதையைச் சொல்கிறார். எதுவும் சரிப்படவில்லை. கடைசியில் ஒரு கடைக்காரர், மற்றவர்களைவிடப் புத்திசாலி, சொன்னாராம்: "நீங்கள் கேட்பது எங்களிடம் இல்லை. பிள்ளைகள் வேலை செய்வதற்கு ஏற்றதாகக் கேட்கிறீர்கள். இதெல்லாம் கேட்டுக்கொண்டு உட்காருவதற்குச் செய்தவை." கல்வித் தத்துவத்தின் மொத்தச் சாரத்தையும் ஒரு கடைக்காரர் சொல்லிவிட்டார் என்பதில் எனக்கு அற்பச் சந்தோஷம்.

அந்தப் பள்ளியில் பிள்ளைகளுக்குப் பருத்தியையும் கம்பளியையும் பச்சையாகக் கையில் கொடுத்திருக்கிறார்கள். பருத்தித் துணித் தொழில் ஏன் கம்பளிக்குப் பின்னால் வளர்ந்தது என்பது கேள்வி. ஒரு குழு அரை மணி நேரம் உட்கார்ந்து கொட்டையிலிருந்து பஞ்சைப் பிய்த்தது. தேறியது ஒரு அவுன்ஸுக்கும் குறைவு, நம் கணக்கில் 28 கிராம்கூட இல்லை. பதில் கிடைத்துவிட்டது. 'செய்து கற்றல்' என்ற இரண்டு சொல்லை எத்தனையோ வருஷமாக நகலெடுத்திருக்கிறேன், அதற்குள் இந்த அரை மணி நேரம் இருந்தது தெரியாது.

குறைகளும் சொல்ல வேண்டும். ஜேம்ஸின் வாக்கியம் சில இடங்களில் இழுத்துக்கொண்டே போகும், அகராதி பக்கத்தில் வேண்டும். ஹெர்பார்ட் என்ற ஜெர்மன்காரரின் சீடர்களோடு அவர் நடத்துகிற வாதம் இன்று யாருக்கும் வேண்டாம். ஆனால் அவர்கள் கொண்டுவந்த 'அப்பர்செப்ஷன்' என்ற சொல்லைக் கண்டு மிரளாதீர்கள், மனசுக்குள் வாங்கிக்கொள்வது என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை என்று ஆசிரியர்களைத் தேற்றுகிற இடம் நன்றாக இருக்கிறது. அந்த அத்தியாயத்தில் ஒரு குழந்தை முழு முட்டையை முதல்முறை பார்த்து உருளைக்கிழங்கு என்கிறது. அதுவரை அது பார்த்ததெல்லாம் உடைத்த முட்டையும் தோல் உரித்த உருளைக்கிழங்கும். மடக்குகிற தக்கைத் திருகியைக் 'கெட்ட கத்தரிக்கோல்' என்கிறது.

குழந்தை பொம்மையைப் பறிக்க வரும்போது கையில் ஒன்று போட்டு, பிறகு நயமாகக் கேட்கப் பழக்குவதை உதாரணமாகச் சொல்கிற பக்கத்தை இன்று ஓர் ஆசிரியை முகம் சுளிக்காமல் படிக்க முடியாது. பேசுவதும் பெரும்பாலும் பையன்களைப் பற்றி. 'காட்டுமிராண்டிகள்' என்ற சொல் சர்வசாதாரணமாக வந்துபோகிறது.

அது இன்னும் உறுத்தக் காரணம், மாணவர்களுக்கான இரண்டாவது உரை. மனிதர்களுக்கு ஒருவர் வாழ்க்கை இன்னொருவருக்குத் தெரியாத குருடு பற்றியது. வட கரோலினா மலையில் வண்டியில் போகிறார். காட்டை வெட்டிப் பொசுக்கி, கட்டைகள் துருத்திக்கொண்டு, கோணல்மாணலாக வேலி போட்டு, நடுவில் ஒரு குடிசை. கண்ணுக்கு அலங்கோலம். யார் இப்படிச் செய்கிறவர்கள் என்று வண்டிக்காரரிடம் கேட்கிறார். "நாங்கள் எல்லோரும்தான்" என்கிறார் அவர். இந்தப் பள்ளங்களில் ஒன்றைத் திருத்தி வெள்ளாமைக்குக் கொண்டுவராவிட்டால் எங்களுக்குச் சந்தோஷமே இல்லை என்கிறார். தனக்கு வெறும் அசிங்கமாகத் தெரிந்தது அவர்களுக்கு உழைப்பும் வெற்றியும் என்று ஜேம்ஸுக்கு அப்போது உறைக்கிறது. கேம்பிரிட்ஜில் தான் நடத்துகிற படிப்பாளி வாழ்க்கை அவர்கள் கண்ணுக்கு எப்படி இருக்குமோ, அப்படித்தான் அவர்கள் வாழ்க்கை தன் கண்ணுக்கும் இருந்தது என்கிறார். புத்தகத்தில் நான் மூன்று தடவை படித்தது இந்த உரையைத்தான். வாங்கிய பிரதியில் இது முழுசாக இருக்கிறது, அந்த மட்டுக்கும் சந்தோஷம்.

மதிப்பெண் என்று கேட்டால், 449 ரூபாய்ப் பிரதிக்கு ஐந்துக்கு ஒன்று. அந்த ஒன்றும் பார்சல் நனையாமல் வந்ததற்கு. ஜேம்ஸுக்கு நான்கு. பி.எட். படிக்கிறவர்கள் பாடப்புத்தகத்துக்குப் பதிலாக இதைப் படித்தால் பாஸாக முடியாது, கூடவே படிக்கலாம். முதலிலிருந்து வர வேண்டாம். பழக்கம், ஞாபகம், பிறகு மலைக்காரர்கள் உரை, இந்த மூன்றை முடித்துவிட்டு முன்னால் போகலாம். செல்போனிலேயே இலவசமாகப் படிக்கலாம். தாளில்தான் வேண்டும் என்பவர்கள் கோப்பை எடுத்துக்கொண்டு பக்கத்து ஜெராக்ஸ் கடைக்குப் போங்கள், உள் ஓரம் ஒரு அங்குலம் விடச் சொல்லுங்கள், மறக்க வேண்டாம்.

வாங்கிய பிரதியைத் தூக்கிப் போடவில்லை. கம் பைண்டிங் போதும், தையல் எதற்கு, ஐம்பது ரூபாய் கூட ஆகுமே என்று பேரம் பேசுகிறவர்களுக்கு எடுத்து விரித்துக் காட்டுகிறேன். நேற்று 117ஆம் பக்கமும் வந்துவிட்டது. ஸ்பைரல் பிரதியை, ஜேம்ஸுக்கு ரெண்டு மார்க் என்று சொன்ன பிள்ளை எடுத்துப் போயிருக்கிறாள். இரண்டு வாரம் ஆகிறது. குழி தோண்டுகிற கேள்வியை டீச்சிங் பிராக்டிஸ் போன பள்ளியில் ஏழாம் வகுப்பில் கேட்டுப் பார்த்தாளாம். "என்ன சொன்னாங்க?" என்றேன். "ஒருத்தன் தண்ணி வரும்னான், அண்ணாச்சி. அவங்க வீட்டுல போன மாசம்தான் போர் போட்டாங்களாம்."

எனக்கென்று இன்னொரு பிரதி அடித்துவிட்டேன். இந்தத் தடவை தையல்.